டிஷ்வாஷர் பவுடர் தீர்ந்துவிட்டால் பாத்திரத்தை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஷ்வாஷர் பவுடர் தீர்ந்துபோனது பெரும்பாலும் ராத்திரிதான் தெரியவரும். சாம்பார்ப் பாத்திரமும் சாப்பிட்ட தட்டும் உள்ளே அடுக்கியாகிவிட்டது, டப்பாவைத் திறந்தால் அடியில் தூசிதான் இருக்கிறது. தெருமுனை மளிகைக் கடையில் பாத்திர சோப்பு உண்டு, துணி பவுடர் உண்டு, டிஷ்வாஷருக்கானது இருக்காது. பெரிய நகரங்களில் செயலியில் ஆர்டர் போட்டால் உடனே வந்துவிடும். சின்ன ஊர்களில் இரண்டு மூன்று நாள் ஆகும். 2020 பொதுமுடக்கத்தில் வீட்டு வேலைக்கு ஆள் வர முடியாமல் நிறையப் பேர் டிஷ்வாஷர் வாங்கினார்கள். இன்று கேட்கப்படும் பல கேள்விகள் அப்போது கிளம்பியவைதான். இந்த இடைப்பட்ட நாட்களைச் சமாளிக்க வழி இருக்கிறது. செய்யவே கூடாதவையும் சில இருக்கின்றன. அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

கையால் தேய்க்கும் விம் லிக்விடை மெஷினில் ஊற்றி ஓட்டலாமா?

வேண்டாம். ஒரு ஸ்பூன்கூட வேண்டாம்.

கைக்கழுவலுக்கான திரவம் நுரைக்க வேண்டும் என்றே செய்யப்பட்டது. டிஷ்வாஷருக்குள் தண்ணீர் சுழலும் கைகளின் துளைகளிலிருந்து வேகமாகப் பீய்ச்சி அடிக்கிறது. அந்த அடியில் ஒரு ஸ்பூன் திரவம் பெட்டி முழுக்க நுரையாகிவிடும். கதவிடுக்கில் நுரை வழிந்து தரை நனைவது கண்ணுக்குத் தெரியும் தொல்லை. தெரியாத தொல்லை பம்பில் நடக்கிறது. பம்பு தண்ணீருக்குப் பதில் நுரையை இழுக்கும், அழுத்தம் விழும், மேல்தட்டுப் பாத்திரங்களுக்குத் தண்ணீரே போய்ச் சேராது. ஆக, இவ்வளவு நுரைத்தும் பாத்திரம் அழுக்காகவே வெளியே வரும்.

நுரை கசிந்து மெஷினின் அடித்தட்டில் தேங்கினால், அங்கிருக்கும் மிதவை அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு மெஷினை நிறுத்திவிடும். போஷ் மெஷின்களில் இ15 என்ற பிழைக்குறி வருவது இதற்காகத்தான்.

"ஆப்ப சோடாவோடு மூன்று சொட்டு லிக்விட் விட்டால் போதும்" என்று ஒரு குறிப்பு எல்லா மொழியிலும் சுற்றுகிறது. எண்ணெய் நிறைய இருந்தால் நுரை கொஞ்சம் அடங்கும் என்பது உண்மை. ஆனால் மூன்று சொட்டு என்பது ஒருவர் கையில் மூன்று, இன்னொருவர் கையில் பத்து. தண்ணீர் மென்மையாக இருந்தால் அந்த மூன்றே அதிகம். இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஐயோ, ஏற்கெனவே ஊற்றி ஓட்டிவிட்டேன். நுரை வெளியே வருகிறது!

பதற வேண்டாம், மெஷின் கெட்டுப்போகாது. முதலில் நிறுத்துங்கள். கதவை உடனே அகலத் திறக்காதீர்கள், உள்ளே சூடான தண்ணீர் தெறிக்கும். இரண்டு நிமிடம் கழித்து மெதுவாகத் திறங்கள். பாத்திரங்களை எடுத்துவிட்டு, ஒரு கிண்ணத்தால் நுரையை வாரி வெளியே கொட்டுங்கள். அடியில் மிச்சமிருக்கும் நுரைமேல் ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் நுரைக்குமிழ் நிற்காது. கைப்பிடி உப்பைத் தூவினாலும் நுரை அடங்கும். ஆனால் தூவிய உப்பு உள்ளேயே கிடக்கக் கூடாது, எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக அரிப்பு வரும். அப்புறம் இரண்டு மூன்று சொம்பு குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, தண்ணீரை வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். கடைசியாக ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் போட்டு, பாத்திரம் இல்லாமல் ஒரு முறை அலச விட்டால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் பிழைக்குறி போகவில்லை என்றால் அடித்தட்டில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பவுடரில் அப்படி என்னதான் இருக்கிறது?

மாற்று எது சரி, எது தவறு என்பதெல்லாம் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் அடங்கியிருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டிஷ்வாஷரில் தேய்க்கும் கை கிடையாது. தேய்ப்பு செய்யும் வேலையைச் சூடும் ரசாயனமும் நேரமும் பங்கிட்டுக்கொள்கின்றன. பவுடரில் பெரும்பகுதி காரம், குறிப்பாகச் சோடியம் கார்பனேட். இது எண்ணெய்ப்பிசுக்கை உடைக்கிறது. அடுத்தது நொதிகள். ஒன்று முட்டை, பால், பருப்பு மாதிரியான புரதக் கறையைத் துண்டாக்கும்; இன்னொன்று சோறு, மாவு மாதிரியான மாவுச்சத்தைக் கரைக்கும். டீக் கறைக்கும் மசாலா நிறத்துக்கும் சோடியம் பெர்கார்பனேட் என்ற வெளுப்பான். தண்ணீரின் சுண்ணாம்பைப் பிடித்துவைக்க சிட்ரேட் போன்ற உப்புகள். இவற்றோடு மிகக் கொஞ்சமாக, நுரைக்காத வகை சோப்புப் பொருள்.

முன்பு பாஸ்பேட்டும் நிறைய இருந்தது. ஏரி குளங்களில் பாசி மண்ட அது காரணமாகிறது என்பதால் 2010-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களும், 2017-இல் ஐரோப்பிய ஒன்றியமும் டிஷ்வாஷர் பவுடரில் அதைக் கட்டுப்படுத்தின.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும், சமையலறையில் இருக்கும் ஏதோ ஒரு பொடியால் இது எல்லாவற்றையும் ஈடுகட்ட முடியாது. ஒன்றிரண்டு வேலையைச் செய்ய வைக்கலாம். மீதியை உங்கள் கை செய்ய வேண்டும். "வீட்டிலேயே டிஷ்வாஷர் பவுடர்" என்று சொல்லும் எந்தக் குறிப்பையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் ஏமாற மாட்டீர்கள்.

அப்படியானால் மெஷினுக்குள் போடத் தகுந்தது எதுவுமே இல்லையா?

ஒன்று இருக்கிறது: வாஷிங் சோடா. சலவைச் சோடா என்றும் சொல்வார்கள். இது சோடியம் கார்பனேட், பவுடரில் இருக்கும் அதே காரம். நுரைக்காது, வெந்நீரில் நன்றாகக் கரையும், அலசினால் போய்விடும்.

மணமோ நிறமோ சோப்போ கலக்காத சுத்தமான சோடாவாக இருக்க வேண்டும். தூளாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 கிராம் அளவு, பவுடர் பெட்டியிலேயே போடலாம். கண்ணாடி மாதிரிப் படிகமாக இருந்தால் அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான், அதனால் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு வேண்டும். 65 அல்லது 70 டிகிரி ஓட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். போஷ் மெஷினில் கடாய் என்று பெயர் போட்ட ஓட்டம் 70 டிகிரிதான். சிக்கன ஓட்டம் நொதியை நம்பி வடிவமைக்கப்பட்டது, சோடாவுக்குச் சரிவராது.

இதனால் எண்ணெய் போகும். காய்ந்த சோற்றுப் பருக்கையும் ஒட்டிய முட்டையும் போகாது, அவற்றை முன்கூட்டியே கையால் எடுத்துவிட வேண்டும். பவுடர் இருக்கும் நாளில் "பாத்திரத்தை அலசாமல் அப்படியே அடுக்குங்கள், நொதிக்கு வேலை வேண்டும்" என்று சொல்வார்கள். சோடா போடும் நாளில் அதற்கு நேர் எதிர்.

கையுறை இல்லாமல் அள்ளாதீர்கள், தோல் வறண்டு எரியும். கடைக்காரர் காஸ்டிக் சோடாவை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் வேறு பொருள். இன்னொன்று: மெஷின் கையேட்டில் டிஷ்வாஷருக்கென்று விற்கும் சோப்பைத் தவிர வேறெதையும் போடாதீர்கள் என்றுதான் எழுதியிருப்பார்கள். உத்தரவாதக் காலம் முடியாதவர்கள் இதை மனதில் வைத்து முடிவெடுங்கள். என் கருத்தில் இது ஒன்றிரண்டு தடவைக்கான ஏற்பாடு. மாதக்கணக்கில் ஓட்டுவதற்கு அல்ல.

வீட்டில் ஆப்ப சோடாதான் இருக்கிறது. அது போதுமா?

ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், மிக மென்மையான காரம். கரைசலின் காரநிலை 8-ஐ ஒட்டியே நிற்கும். வாஷிங் சோடாவுடையது 11-ஐத் தொடும். இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால் வித்தியாசம் பெரியது. டீ டம்ளர், மோர் குடித்த கிளாஸ், பழம் வைத்த தட்டு இவற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா போட்டு ஓட்டலாம், வாடையும் போகும். வத்தக்குழம்புச் சட்டிக்கு அது எந்த மூலைக்கு!

வீட்டில் ஓவன் இருப்பவர்கள் ஆப்ப சோடாவை வாஷிங் சோடாவாகவே மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடி அல்லது எவர்சில்வர் தட்டில் மெல்லியதாகப் பரப்பி 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி, 100 கிராம் 63 கிராம் ஆகும். அலுமினியத் தட்டு கூடாது. ஆறிய பிறகு மூடிவையுங்கள், மேலே சோடியம் கார்பனேட் என்று எழுதி ஒட்டுங்கள். யாராவது அதை இட்லி மாவில் போட்டுவிடக் கூடாது.

சோடா, சிட்ரிக் ஆசிட், உப்பு கலந்த கலவை?

சோடா காரம், சிட்ரிக் ஆசிட் அமிலம். ஈரம் பட்டதும் இரண்டும் பொங்கி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பொங்குவதைப் பார்த்து ஏதோ வேலை நடக்கிறது என்று தோன்றும். கடைசியில் கிடைப்பது சோடியம் சிட்ரேட். சுண்ணாம்பைப் பிடிக்க உதவும், எண்ணெயை எடுக்கத் தேவையான காரம் குறைந்துபோயிருக்கும். உப்பு எதையும் கழுவாது.

வெங்காரம் சேர்க்கச் சொல்லும் பழைய குறிப்புகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அதை இனப்பெருக்கத் திறனைப் பாதிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. சாப்பிடும் தட்டுக்கு அது தேவையே இல்லை.

துணி துவைக்கும் பவுடர்?

கூடாது. நுரை ஒருபக்கம், துணிக்கு வெண்மை காட்டும் சாயமும் வாசனையும் தட்டில் ஒட்டுவது இன்னொரு பக்கம்.

வினிகர் ஊற்றலாமா?

மெஷினில் சுண்ணாம்புப் படிவு இருந்தால், காலியாக ஓட்டும்போது மேல்தட்டில் ஒரு டம்ளர் வினிகர் வைப்பதுண்டு. எப்போதாவது செய்தால் தப்பில்லை. ஆனால் அமிலம் எண்ணெயை எடுக்காது. ரின்ஸ் எய்ட் (கடைசி அலசலில் சேரும் திரவம்) ஊற்றும் தொட்டியில் வினிகரை நிரப்பி வைக்காதீர்கள், அங்கே நாள்கணக்கில் தேங்கி ரப்பர் வளையங்களைப் பாழாக்கும். பிளீச்சிங் திரவத்தோடு வினிகர் சேரவே கூடாது. குளோரின் வாயு வரும், மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. பிளீச்சைத் தனியாகப் போட்டாலும் எவர்சில்வர் அரிக்கும்.

பூந்திக்கொட்டை, சீயக்காய், சாம்பல் எல்லாம் இயற்கைதானே? அவற்றை மெஷினில் போட்டால் என்ன?

பூந்திக்கொட்டையில் இருக்கும் சபோனின் என்ற பொருள்தான் அதன் நுரைக்குக் காரணம். இயற்கையான நுரையாக இருந்தாலும் பம்புக்கு நுரை நுரைதான். சீயக்காயிலும் அதே சபோனின்தான், கூடவே தூள் ஃபில்டரை அடைக்கும். சாம்பலையும் செங்கல் பொடியையும் மெஷினுக்குள் நினைத்தே பார்க்காதீர்கள்.

கையால் தேய்ப்பதாக இருந்தால் இவை அத்தனையும் அருமையான பொருள்கள். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, வாஷிங் சோடாவின் நெருங்கிய உறவு. எண்ணெய்ச் சட்டியில் சாம்பலைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் காரம் எண்ணெயைப் பிடித்துக் கொஞ்சம் சோப்பாகவே மாற்றிவிடும், தூள் மிச்சத்தைச் சுரண்டும். டிஷ்வாஷர் பவுடர் செய்யும் அதே வேதியியல், நம் பாட்டிமார் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து செய்தது. நெய்க் கிண்ணத்துக்குச் சீயக்காய்த்தூள் போட்டுப் பாருங்கள், லிக்விடே வேண்டாம் என்று தோன்றும். பித்தளைக்கும் செம்புக்கும் புளி. அதன் அமிலம் களிம்பைக் கரைக்கும். கண்ணாடி, நான்ஸ்டிக், பளபளப்பான எவர்சில்வர் இவற்றில் மட்டும் சாம்பல் வேண்டாம், கீறல் விழும்.

எதுவுமே போடாமல் வெறும் வெந்நீரில் ஓட்டினால் சுத்தமாகுமா?

சர்க்கரை, உப்பு, டீ, மோர், மெல்லிய மாவு இவை போய்விடும். எண்ணெய் போகாது. சூட்டில் உருகி எல்லாப் பாத்திரத்துக்கும் பொதுவாகப் பரவி, ஆறியதும் மெல்லிய பிசுக்காக ஒட்டும். மிச்சம் ஃபில்டரிலும் குழாயிலும் சேரும்.

ஆனால் மெஷினை இப்படிப் பயன்படுத்தலாம்: எண்ணெய்ப் பாத்திரங்களைக் கையால் தேய்த்து, சோப்பு போக ஒரு முறை நன்றாக அலசி, மெஷினில் அடுக்கி, பவுடர் இல்லாமல் சூடான ஓட்டத்தில் விடுங்கள். வெந்நீரில் கடைசி அலசலும் உலர்த்தலும் மெஷின் பொறுப்பு. நெடுநேரம் நின்று துடைத்து அடுக்கும் வேலை மிச்சம். பவுடர் வரும்வரை இதுதான் எனக்குப் பிடித்த வழி. முதுகுவலிக்காரர்களுக்கும் வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கையால் கழுவினால் தண்ணீர் அதிகம் செலவாகாதா? எங்கள் வீட்டில் லாரித் தண்ணீர்.

குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் கண்டிப்பாக ஆகும். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரைனர் ஸ்டாமிங்கர் குழுவினர் பல நாட்டு மக்களைக் கூப்பிட்டு, 12 பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கையால் கழுவச் சொல்லி அளந்தார்கள். சராசரி ஏறக்குறைய 100 லிட்டர். இன்றைய டிஷ்வாஷர் ஒன்று ஒரு ஓட்டத்துக்கு 10 லிட்டரை ஒட்டித்தான் எடுக்கும்.

இதைச் சொல்லி கையால் கழுவுவதே வீண் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு தொட்டி முறையில் கையால் கழுவினால் மெஷினைவிடவும் குறைந்த கரிம உமிழ்வுதான் என்று கண்டார்கள். ஒரு தொட்டியில் சூடான சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் குளிர்ந்த அலசும் தண்ணீர். திறந்த குழாய் இல்லை, அதுதான் எல்லாம்.

நம் வீட்டில் இரண்டு அகலமான பேசின் போதும். முதலில் மிச்சம் மீதியை வழித்துக் குப்பையில் போட்டு, எண்ணெயைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள். பாதிச் சோப்பும் பாதித் தண்ணீரும் இந்த ஒரு வேலையால் மிஞ்சும், சிங்க் குழாயும் அடைக்காது. முதல் பேசினில் கை தாங்கும் சூட்டில் தண்ணீர், அதில் ஒரு ஸ்பூன் லிக்விட். அழுக்குக் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள்: முதலில் டம்ளர், அப்புறம் கரண்டி, தட்டு, குழம்புப் பாத்திரம், கடைசியில் வாணலி. இந்த வரிசை மாறினால் டம்ளரில் எண்ணெய் படியும், எத்தனை தடவை அலசினாலும் வாடை போகாது. இரண்டாவது பேசினில் முக்கி எடுத்து, கடைசியாக ஒரு சொம்புத் தண்ணீரைச் சிக்கனமாக மேலே ஊற்றிக் கவிழ்த்துவிடுங்கள். துணியால் துடைப்பதைவிடக் கவிழ்த்து உலரவிடுவது சுத்தம். அலசிய தண்ணீரைத் தரை கழுவ எடுத்துக்கொள்ளலாம்.

அடிப்பிடித்த பால், ஒட்டிய மாவு, பொரித்த வாணலி: ஒவ்வொன்றையும் எப்படி?

பால், முட்டை, பருப்பு இவற்றின் புரதம் சூட்டில் இறுகிவிடும். எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றாமல் முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஊறவையுங்கள். இட்லி மாவுப் பாத்திரமும் சாதக் குண்டானும் தண்ணீர் ஊற்றிவைத்தாலே தானாக விட்டுவிடும், காயவிடுவதுதான் தவறு.

எவர்சில்வரில் அடிப்பிடித்துக் கருகியிருந்தால், தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவோ அரை ஸ்பூன் வாஷிங் சோடாவோ போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஆறியதும் மரக்கரண்டியால் நெம்பினால் தகடாக வரும். கம்பி நாரால் இரண்டு கையும் வலிக்கத் தேய்ப்பதைவிட இது மேல். பொரித்த வாணலிக்கு, சூடு ஆறும் முன் கொஞ்சம் கடலை மாவோ வடித்த கஞ்சியோ போட்டுத் துடைத்தால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும்.

சோடா போட்டதும் தட்டில் இருந்த மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. மஞ்சளின் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும்; குங்குமம் செய்வதும் ஆரத்தி கரைப்பதும் இதை வைத்துத்தான். எலுமிச்சைத் தண்ணீர் பட்டால் திரும்ப மஞ்சளாகிவிடும். பிளாஸ்டிக் டப்பாவில் ஊறிப்போன மஞ்சளுக்குச் சிறந்த மருந்து வெயில். கழுவி, ஈரத்தோடு மொட்டை மாடியில் வைத்துவிடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும், ஒன்றிரண்டு நாளில் கறை வெளுக்கும்.

கண்ணாடி டம்ளரில் வெள்ளையாகப் படிகிறதே?

போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பும் மெக்னீசியமும்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை அனுமதி. பவுடர் இருக்கும்போது அதிலுள்ள உப்புகள் இதைப் பிடித்துவைக்கும். வாஷிங் சோடா மட்டும் போட்டால் சுண்ணாம்பு கார்பனேட்டாக வெளியே வந்து கண்ணாடியிலேயே உட்காரும். மெஷினின் உப்புத் தொட்டி (தண்ணீரை மென்மையாக்க உதவும் டிஷ்வாஷர் உப்பு போடும் இடம்) நிரம்பியிருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். கடினமான தண்ணீரும் காலியான உப்புத் தொட்டியும் சேர்ந்தால் கண்ணாடியைக் கையால் கழுவிவிடுங்கள். படிந்துவிட்டதா, எலுமிச்சை தேய்த்து அலசுங்கள், போய்விடும்.

ஒரு விஷயம்: டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண் கடினத்தன்மை இல்லை. அது கரைந்திருக்கும் எல்லா உப்பின் கூட்டுத்தொகை.

பவுடர்தானே தீர்ந்தது, உப்பும் ரின்ஸ் எய்டும் நிறைய இருக்கிறதே. அவற்றை வைத்து ஓட்டலாமா?

அவை கழுவுவதற்கானவை அல்ல. டிஷ்வாஷர் உப்பு, தண்ணீரை மென்மையாக்கும் பிசினுக்குத் தெம்பு கொடுக்கிறது. ரின்ஸ் எய்ட் கடைசி அலசலில் தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிந்தோட உதவுகிறது. மாற்றாகப் பயன்படாது. மறந்தும் உப்புத் தொட்டியில் பவுடரையோ சோடாவையோ கொட்டிவிடாதீர்கள், மென்மையாக்கும் பாகமே பழுதாகிவிடும். சமையல் உப்பும் அங்கே வேண்டாம். அயோடினும் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் அதில் இருக்கின்றன.

குழந்தையின் பால் புட்டி?

லிக்விடும் பிரஷ்ஷும் வைத்துக் கையால் கழுவி, எல்லாப் பாகத்தையும் தனித்தனியாகக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் முழுக முக்கி 5 நிமிடம் வையுங்கள். எடுத்துத் தானாக உலரவிடுங்கள். சோடாவை நம்பி புட்டியை மெஷினில் போட வேண்டாம்.

எந்தப் பாத்திரத்தில் சோடா படவே கூடாது?

அலுமினியம், இண்டாலியம். காரம் பட்டால் கறுத்துவிடும், குக்கரும் இதில் அடக்கம். இரும்புத் தோசைக்கல்லில் பழக்கி ஏற்றிய எண்ணெய்ப்பூச்சு போய்விடும், அப்புறம் தோசை ஒட்டும். கல்சட்டியும் மண்சட்டியும் சோப்பையே உறிஞ்சி அடுத்த குழம்பில் விடும், அவற்றுக்கு வெந்நீரும் தேங்காய் நாரும் கொஞ்சம் கடலை மாவும் போதும். மரக்கரண்டி, வெள்ளி, பித்தளை எல்லாம் கையால்தான். பவுடர் இருந்தாலும் அப்படியே.

டப்பாவின் அடியில் கொஞ்சம் பவுடர் கட்டியாகிக் கிடக்கிறது. அதைப் போடலாமா? ஒரே ஒரு டேப்லெட் இருந்தால் பாதியாக்கலாமா?

கட்டியை உடைத்துத் தூளாக்கிப் போடலாம். ஈரம் பட்ட பவுடரில் நொதியும் வெளுப்பானும் வலுவிழந்திருக்கும், காரம் அப்படியே இருக்கும். அதனால் வாஷிங் சோடாவைப் போல நினைத்து, ஒட்டியதைக் கையால் எடுத்துவிட்டு 65 டிகிரிக்கு மேல் ஓட்டுங்கள். அளவு பாதிதான் இருக்கிறதென்றால் அதனோடு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா சேர்க்கலாம்.

அழுத்திச் செய்த கட்டி டேப்லெட்டை, பாத்திரம் பாதிதான் இருக்கிறது என்றால் கத்தியால் இரண்டாக்கலாம். மெல்லிய உறைக்குள் திரவமோ ஜெல்லோ இருக்கும் வகையை வெட்டாதீர்கள், கண்ணில் தெறித்தால் புண்ணாகும். அந்த உறை வகை மிட்டாய் மாதிரியே இருப்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எந்தக் குழந்தையாவது வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் வாயைக் கழுவி, பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடலோர ஊர்களில் பவுடர் திறந்த பாக்கெட்டில் சீக்கிரம் இறுகிவிடும். வாங்கியதும் இறுக்கமான மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள், சமையல் சாமான் வைத்திருந்த டப்பா மட்டும் வேண்டாம். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். டப்பா கால்வாசிக்கு வந்ததும் அடுத்த பாக்கெட்டை வாங்கிவிடுங்கள்.